இன்னும் யாருக்கு என்று கேட்ட இசைத்தட்டு

கோயில் கமிட்டித் தலைவராக இருந்துகொண்டே இந்தக் கூட்டத்துக்கும் தலைமை தாங்க ஒப்புக்கொண்ட பெரியவர் சோலைமலை அவர்களே! மேடையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அட்டைக்கடி இசைக்குழுவின் கிட்டார்க் கலைஞர் தம்பி ஜீவராஜ் அவர்களே! தாய்மார் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைக்காம்பராவில் கோசலாவின் மடியில் புட்டிப்பால் குடித்து, இன்று என்னைவிட உயரமாக வளர்ந்து நிற்கும் பிள்ளைகளே! இந்த மழையிலும் ராகலையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் ரசிகர்களே! கடைசி வரிசையில், கதவோரமாக, யார் கண்ணிலும் படக்கூடாது என்று முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் பூரணி அவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஒலிபெருக்கிக்காரனை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். நோர்வூட் சண்முகராஜா சவுண்ட் சேர்விஸ் என்றால் உங்களுக்குத் தெரியும். திருவிழாவா, கல்யாணமா, தேர்தலா, கம்பத்தில் குழாயைக் கட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறவன் நான். பேசி முடித்தவர்கள் சோடா குடிக்கும்போது வயர் சுற்றுகிறவன். எனக்குப் பேச வராது. ஆனால் இன்று நான் பேசித்தான் ஆகவேண்டும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

பிள்ளைக்காம்பரா கோசலா என்று இந்தத் தோட்டமும், அட்டைக்கடி கோசலா என்று வெளியுலகமும் அழைத்த அந்த மாபெரும் குரல் போன மாதம் கண்டி ஆஸ்பத்திரியில் ஓய்ந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. எப்பேர்ப்பட்ட குரல் அது! காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு, அந்தக் குரலால்தான் தூங்க வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே குரலை எடுத்துக்கொண்டு வந்து என் மைக்குக்கு முன்னால் நிற்பார். நான் பயந்து போய் ஒலியளவைக் குறைப்பேன். “கொறைக்காதீங்கண்ணே, ஒடஞ்சா ஒடயட்டும்” என்பார். அப்படி உடைந்த மைக்கை இன்றும் கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

பங்க் ராக் என்கிறீர்களே, அப்படி என்றால் என்ன என்று ஒருமுறை நானே கேட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்திப் பாட்டும் பட்டிமன்றமும்தான். கோசலா கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: “தொரைகிட்ட பேசும்போது நமக்கு ஒரு கொரலு வருதுல்லண்ணே. அந்தக் கொரலு இல்லாம பாடுறது.” இதைவிடத் தெளிவாக இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை. உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

அந்தக் குரலில் அவர் எதைத்தான் பாடவில்லை? கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்று பாதிச் சம்பளம் போடுகிறார்களே, முழு ஆளாக மலைக்குப் போனவள் இறங்கும்போது எப்படி அரை ஆளானேன் என்று கேட்டுப் பாடினார். காலில் ஏறிய அட்டையோடு வாக்குவாதம் செய்து பாடினார். தொட்டில் பாட்டு ஒன்றை மெதுவாக ஆரம்பித்து, பிள்ளை தூங்கிய பிறகு தாய் தனக்குத்தானே பேசிக்கொள்வதை உச்சக் குரலில் கத்தி முடித்தார். அந்தக் கத்தலின் அடியில் தொட்டில் ஆடும் தாளம் நிற்காமல் ஓடும். ஜீவராஜின் கிட்டார், தேயிலை ரோலர் ஓடுகிற மாதிரி உறுமும். எல்லாவற்றுக்கும் நடுவில் பூரணி அடிக்கும் தப்பு மேளம்! ஹட்டன் பஸ்ஸில் கோசலாவின் போனில் டிரைவர் ஐயா இதைக் கேட்டுவிட்டு, நங்கி என்று தங்கச்சி முறை சொல்லி, இது பாட்டா சண்டையா என்று சிங்களத்தில் கேட்டாராம். இரண்டும்தான் என்றாராம் கோசலா. இறங்கும் வரை அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாராம் டிரைவர்.

இதை இசைத்தட்டாகப் போடுகிறோம் என்று ஜெர்மனியில் ஒரு சின்ன கம்பெனி சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. போனிலேயே கேட்கலாமே, இந்தக் காலத்தில் கறுப்புத் தட்டு எதற்கு என்று நான்தான் கேட்டேன். “போன்ல போட்டா வெரல்ல தள்ளிட்டுப் போயிருவாங்கண்ணே. இதுன்னா சுத்தி முடியிற மட்டும் ஒக்காந்திருக்கணும்” என்றார் கோசலா. பெட்டி வந்து இறங்கியது. அட்டைப்படத்தில் ஒரு கால், அதில் ஓர் அட்டை. அவ்வளவுதான், ஆள் முகம் கிடையாது. லயத்து வரிசை வீட்டில் ஓர் அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோசைக்கல்லில் ஏன் ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். கொழும்பில் ஒரு கடைக்காரர் அதைக் கொஞ்ச நாள் பக்திப் பாடல் அலமாரித் தட்டில் வைத்தார், கொஞ்ச நாள் ஆங்கிலப் பாட்டோடு வைத்தார், கடைசியில் எதிலும் ஒட்டவில்லை என்று தனியாகக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெளிநாட்டில் எழுதியவர்களும் அப்படித்தான். இது ஒப்பாரியா, ராக்கா, கூத்தா என்று அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். எங்கள் கோசலாவை எந்தத் தட்டில் வைக்க முடியும்?

இந்தப் பக்கத்தில் ஊசி வைத்துச் சுற்றுகிற பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் அப்பா கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போட்ட பெட்டி. அதோ, மேடையில் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருக்கிறேனே, அதுதான்.

இப்போது நான் எதற்காக வந்தேனோ அதற்கு வருகிறேன்.

இந்தத் தட்டு சாவுத் தப்போடு ஆரம்பிக்கிறது. உங்களுக்குத் தெரியும். காலைப் பெரட்டுக்கு வேலையாள் கூட்ட ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று நாம் பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். சாவு அடிக்கு நம் தோட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. தப்பைத் தீயில் காய்ச்சிவிட்டு, அடிக்கிறவர், “யாருக்கு?” என்று கேட்பார். உறவுக்காரர் ஒருவர் பெயரைச் சொல்வார். பெயர் காதில் விழுந்த பிறகுதான் முதல் அடி. பெயர் கேட்காமல் யாரும் அடிக்கமாட்டார்கள். பெயரில்லாத அடி ஆளைத் தேடிப் போகும் என்பார்கள்.

அந்தத் தட்டின் கடைசியில் என்ன இருக்கிறது? கோசலாவின் குரலில் ஒரு கேள்வி. “இன்னும் யாருக்கு?” கடைசிக் கோடு உள்ளே போகாமல் வட்டமாகவே சுற்றும்படி அவர் கேட்டு வாங்கியிருந்தார். இன்னும் யாருக்கு, இன்னும் யாருக்கு என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது எழுந்து போய் ஊசியைத் தூக்கினால்தான் நிற்கும்.

கோசலா போன அன்று லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது. பெயர் சொல்லாமல் சாவு அடி அடித்தார்கள், இன்னும் யாருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அது கேட்டவளையே கொண்டுபோய்விட்டது என்று. யார் ஆரம்பித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பயத்தில் பேசுவதுதான். ஆனால் அந்தப் பேச்சு சாவு வீட்டுக்கு வருவதற்குள் பூரணியின் காதுக்குப் போய்விட்டது. அவர் தப்பைக் கீழே வைத்துவிட்டார். வேறு தப்புக்காரர்களும் எடுக்கத் துணியவில்லை. கோசலாவை நாம் தப்புச் சத்தம் இல்லாமல் எடுத்துக்கொண்டு போனோம். இந்தத் தோட்டத்தில் ஆடு மேய்த்தவருக்கும் அடித்திருக்கிறோம், ஊரே பேசாத ஆளுக்கும் அடித்திருக்கிறோம். கோசலாவுக்கு அடிக்கவில்லை! மயானப் பாதையில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அன்று திரும்பி வரும்போது பூரணி என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “நான் பேரு கேக்காம அடிச்ச அடிதாண்ணே அவளத் தேடி வந்துருச்சு.”  அதற்குப் பிறகு அவர் தப்பைத் தொடவே இல்லை.

டாக்டர்கள் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலேயே காய்ச்சல் வந்து கோசலாவின் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருந்தது. அவருக்கே தெரியும். தட்டு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் டாக்டர் சொன்னது பூரணிக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அவர் மனதைக் கடிப்பது வேறு. ஆகவே கோசலாவுக்குக் கொடுத்த ஒரு வாக்கை நான் இந்த மேடையில் மீறப்போகிறேன். அவர் இருந்தால் என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

மூடிக் கிடக்கும் பழைய ஃபேக்டரியின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில்தான் பதிவு செய்தோம். அன்று நல்ல பனிமூட்டம். ஜன்னல் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் நனைத்தது. தப்புத் தோல் தொய்ந்து தொய்ந்து போனது. தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சியைப் பொறுக்கி வந்து, கீழே தீ மூட்டி, பூரணி காய்ச்சிக் காய்ச்சி எடுத்து வந்தார். தட்டின் ஆரம்பத்தில் ஏதோ பொரிகிற சத்தம் வருகிறதே, ஊசி பழுது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்களே, அது அந்த மிலாறு எரிந்த சத்தம்தான். கோசலா அதையும் பிடிக்கச் சொன்னார்.

காய்ச்சிய தப்போடு வந்து நின்றதும் பூரணி முறைப்படி கேட்டார், “யாருக்கு?” என்று. கோசலா சொன்னார்: “நீ அடி புள்ள, பேர நான் சொல்லிக்கிறேன்.” பூரணி தயங்கினார். ஜீவராஜ், நீங்கள் சாட்சி. பூரணி தயங்கினார், கோசலா தலையசைத்தார், அடி விழுந்தது. அதற்குமேல் அந்த மாடியில் தப்பைத் தவிர வேறெதுவும் யார் காதிலும் விழவில்லை. தகரக் கூரையே ஆடியது.

ஆனால் நான் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தேன். கோசலா மைக்குக்கு மிக அருகில் போனார், உதடு படுகிற அளவுக்கு. அவ்வளவு பெரிய குரலை வைத்திருந்தவர், தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளக் கூடாது என்பது மாதிரி, மெதுவாக ஒரு பெயரைச் சொன்னார்.

“காளியாயி.”

காளியாயி அம்மா யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கோசலாவைப் பெற்றவர். தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபின் தனியாக நின்ற பூரணிக்குச் சோறு போட்டு வளர்த்தவர். கொரோனா ஊரடங்கில் போய்ச் சேர்ந்தவர். முகம் பார்க்க விடவில்லை. மூடிய பெட்டி எங்கோ எரிந்தது. கூட்டம் கூடக்கூடாது, தப்பு அடிக்கக்கூடாது. மகள் லயத்து வாசலில் நின்று வண்டி போவதைப் பார்த்தார். அவ்வளவுதான் அந்தத் தாய்க்கு நடந்த சடங்கு.

பூரணி அவர்களே, நீங்கள் அன்று அடித்தது பெயரில்லாத அடி இல்லை. நீங்கள் அடித்தது உங்களுக்குச் சோறு போட்ட கைக்கு. அந்த அம்மாவுக்குச் சேரவேண்டிய அடி, தாமதமாக, உங்கள் கையாலேயே போய்ச் சேர்ந்தது.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்று அடிக்கும் ஒரு பெயர் சொன்னார் கோசலா. எல்லோரும் அந்த ஊரடங்கு நாட்களில் அடியில்லாமல் போனவர்கள். நம் டிவிசன், மேல் டிவிசன், அடுத்த தோட்டம். எப்படித்தான் அத்தனை பெயரையும் மனதில் வைத்திருந்தாரோ! நான் கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பெரிய குரல்களைப் பிடித்திருக்கிறேன். அந்த முணுமுணுப்பைப் போல ஒன்றை வேறெப்போதும் பிடித்ததில்லை. கடைசிப் பெயர் முடிந்தது. தப்பு நின்றது. கோசலா நிமிர்ந்து, வெறும் மாடியைப் பார்த்து, பின்னால் தட்டின் கடைசியில் வைத்த அந்தக் கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: இன்னும் யாருக்கு? அது சாவைக் கூப்பிட்ட கேள்வி இல்லை ஐயா! விட்டுப்போனவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்ட கேள்வி.

கீழே இறங்கும்போது நான் கேட்டேன், ஏனம்மா பூரணியிடம் சொல்லவில்லை என்று. “அம்மா பேரக் கேட்டா அவ கை நடுங்கிரும்ணே” என்றார். தட்டில் பெயர்கள் வெளியே கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். “நீங்களும் வெளிய சொல்லாதீங்க. கேக்குறவங்க அவங்கவங்க ஆள நெனச்சுக்கட்டும்.” அதுதான் நான் கொடுத்த வாக்கு.

அவர் நினைத்தது நடந்தது என்பதற்கும் நான் சாட்சி. தட்டுப் பெட்டி வந்த வாரம், கோசலா கேட்டுக்கொண்டபடி, விளையாட்டுத் திடலில் குழாய் கட்டி, பகலில் தட்டைப் போட்டேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாவு அடி கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? செய்தார்கள்! எடுத்த கொழுந்தைக் கூடையோடு சுமந்துகொண்டு நிரை நிரையாக இறங்கினார்கள். தடுக்கவேண்டிய கங்காணி, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் இறங்கினார். மேல் டிவிசனில் வேலை நின்றது. தோட்டத் துரையின் ஜீப் வந்தது. யார் செத்தது, யார் செத்தது என்று ஒரே கேள்வி. இடுப்பில் ஒரு பிள்ளையோடு பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்த கோசலா, யாரும் சாகவில்லை, இது எங்கள் தட்டு என்றார்.

ஏச்சு விழும் என்று நான் வயரைச் சுற்றத் தயாரானேன். துரை ஏசினார்தான். ஆனால் இறங்கி வந்தவர்கள் ஏசவில்லை. மேல் லயத்துச் செல்லசாமி ஐயா திடலில் அப்படியே உட்கார்ந்தார். அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். “என் தம்பிக்கு அன்னைக்கு அடிக்க விடல. இத அவனுக்குன்னு வச்சுக்கிறேன், ஆயி. இன்னொருக்கா போடு.”

செல்லசாமி ஐயா, முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் தம்பி பெயர் அழகன். அன்று திடலில் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று சொல்கிறேன். காளியாயி அம்மாவுக்கு அடுத்ததாகக் கோசலா சொன்ன பெயர் அழகன். நீங்கள் வைத்துக்கொண்டது உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே கொடுத்ததுதான்.

எழுந்திருக்க வேண்டாம் ஐயா. உட்காருங்கள். யாராவது அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.

தோழர்களே, இதற்கு நான் என்ன பெயர் வைப்பேன்? ராக்கா, ஒப்பாரியா, கூத்தா? எழுதியவர்களுக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு கறுப்புத் தட்டுக்குள் இவ்வளவு பேரை உட்கார வைத்து, அதற்கு மேலே இந்த உலகமே அதிரும்படி கத்தி, அவர்களை யாரும் கலைக்காமல் பார்த்துக்கொண்டார் ஒரு பிள்ளைக்காம்பரா ஆயம்மா. அவரோடு ஒரே மாடியில் மூச்சு விட்டேன் என்பது போதும் எனக்கு.

இனி என்ன? ஜீவராஜும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். அட்டைக்கடி நிற்காது. அடுத்த தட்டு உண்டு. அந்தக் குரலுக்கு மாற்றுக் குரல் கிடையாது, தேடவும் மாட்டோம். கோசலா பாடவேண்டிய இடத்தில் பாட்டு நிற்கும், தொட்டில் தாளம் மட்டும் ஓடும். அவர் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை. எந்தத் தோட்டத்தில் யார் அடியில்லாமல் போயிருந்தாலும் வந்து பெயரைச் சொல்லுங்கள். அந்த மைக்குக்குப் பக்கத்தில் போய், அவர் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொல்லிவிட்டு வருவது இனி என் வேலை. இது இந்த மேடையில் நான் எடுக்கும் உறுதி.

ஆனால் அதற்கு முன்னால் ஒருவருக்கு அடி பாக்கி இருக்கிறது.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீவராஜ் மேடையிலிருந்து இறங்கிப் போய், மண்டபத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் மிலாறு பற்ற வைத்திருக்கிறார். புகை வாசம் உங்களுக்கு வந்திருக்கும். தப்பும் அங்கேதான் இருக்கிறது. நான் யாரையும் வற்புறுத்தவில்லை. தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போடுகிறேன். முடிவு வரைக்கும் உட்கார்ந்திருங்கள், அது கோசலாவின் விருப்பம். கடைசிக் கோடு சுற்றத் தொடங்கும்போது நான் போய் ஊசியைத் தூக்கமாட்டேன். பெரியவர் சோலைமலை, நீங்களும் தூக்கக்கூடாது.

போடுகிறேன்.

பாட்டு முடிந்து கடைசிக் கோடு சுற்றத் தொடங்கிவிட்டது, கேட்கிறதா? அதுதான் அவர்.

முக்காட்டை எடுத்துவிட்டு யாரோ தாழ்வாரத்துக்குப் போகிறார்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். தோல் காய நேரம் பிடிக்கும், இது ஈரக் காற்று. அதுவரை கேட்கட்டும். இன்னும் யாருக்கு, இன்னும் யாருக்கு என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

வாருங்கள் பூரணி. வழி விடுங்கள் பிள்ளைகளே. நீங்கள் கேட்கவேண்டிய கேள்வியை அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். பதிலை இந்த மண்டபம் சொல்லும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

கோசலாவுக்கு.